காசு அடிப்பது எப்படி? (போலீஸ் வேண்டாம் ப்ளீஸ்)

போன வாரம் லேப் வைவா. எக்ஸ்டர்னல் என் ரெக்கார்டைப் புரட்டக்கூட இல்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் காசை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இது என்ன ப்ராசஸ்?"

"காயினிங் சார்."

"எத்தனை டை?"

"ரெண்டு சார். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

"அப்ப ஓரத்தை யாருப்பா புடிச்சுக்கறது?"

நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன். அவர் அடுத்த ரோல் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்.

மக்களே, நாளைக்கு உங்களுக்கும் இந்தக் கேள்வி வரலாம், கேட்டுக்கொள்ளுங்கள். தகட்டிலிருந்து வெட்டிய வில்லைக்குப் பெயர் பிளாங்க். அதைச் சூடாக்கி ஆறவைத்து மென்மையாக்கி, விளிம்பைக் கொஞ்சம் தூக்கிவிட்டு அச்சுக்கு அனுப்புவார்கள். அடிப்பது குளிர்ந்த நிலையில்தான். உலோகத்தின் வலிமையைப் போல ஐந்து, ஆறு மடங்கு அழுத்தம்கூடத் தேவைப்படும். அவ்வளவு அழுத்தினால் வில்லை சப்பாத்தி மாதிரி பரவத்தானே பார்க்கும்? பரவவிடாமல் சுற்றி ஒரு வளையம் நிற்கிறது. அதுதான் காலர். போக வழியில்லாத உலோகம் எழுத்துக் குழிகளுக்குள் ஏறுகிறது. காலரின் உள்பக்கம் பல் இருந்தால் காசின் ஓரத்திலும் பல். மூலை உள்ள காசுக்கு மூலை உள்ள காலர். எல்லாம் ஒரே அடியில்!

(இன்னொரு விஷயம்: எண்ணெய் போடக்கூடாது. நாங்கள் லேபில் நல்லெண்ணத்தோடு அலுமினிய வில்லையில் தடவி, பாதி எழுத்து காணாமல் போனது. குழியில் மாட்டிய எண்ணெய் அமுங்காது, உலோகத்தையும் உள்ளே விடாது.)

சரி, மூன்றாவது டையை மறந்ததற்கு ஏன் இவ்வளவு வருத்தம்? மார்க் போனது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் எங்கள் தாத்தா.

தாத்தாவுக்குப் பெட்டிக்கடை. கண்ணில் நீர் அழுத்தம், இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரியும். கடையை மூடச் சொன்னால் கோபம் வரும். காசை வாங்கியதும் கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார். முகப்பைத் தடவியே நான் பார்த்ததில்லை.

"அப்பல்லாம் ரெண்டு ரூபாய்க்கு மூலை இருந்துச்சுடா. கண்ணை மூடிட்டுச் சொல்லிடுவேன்" என்பார். உண்மைதான், 1992இல் வந்த இரண்டு ரூபாய்க்குப் பதினொரு பக்கங்கள். 2005 வாக்கில் வந்த இரண்டு ரூபாய் வட்டம். அதே காலத்து ஒரு ரூபாயும் வட்டம். இரண்டுமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வெர்னியரில் வைத்துப் பார்த்தேன்: ஒன்று 25 மி.மீ., மற்றது 27. அந்த இரண்டு மில்லிமீட்டரைத்தான் எழுபத்தாறு வயது விரல் கண்டுபிடிக்க வேண்டும். தெருப் பையன்கள் சிலருக்கு இது தெரியும். ஒரு ரூபாயைக் கொடுத்துவிட்டு "ரெண்டு ரூபா தாத்தா" என்று மிட்டாயோடு ஓடுகிறார்கள். சாயந்திரம் கல்லாவை எண்ணும்போது எனக்குத் தெரியும். தாத்தாவிடம் சொல்வதில்லை.

எண்ணை நன்றாக மேடாக்கினால் தடவித் தெரிந்துகொள்ளலாமே என்று நானும் யோசித்தேன். மேடு ஏற ஏற உலோகம் உள்ளே ஏறுவது கஷ்டம், டையும் சீக்கிரம் போய்விடும். 1907இல் அமெரிக்காவில் செயின்ட் காடன்ஸ் என்ற சிற்பி இருபது டாலர் தங்கக் காசுக்கு மிக மேடான உருவம் வடித்தார். அழகோ அழகு. ஆனால் ஒரே காசைப் பல தடவை அடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் மின்ட்காரர்கள் மேட்டைக் குறைத்துத்தான் புழக்கத்துக்கு அடித்தார்கள். ஆக, விரலுக்கு மிச்சம் இருப்பது ஓரம்தான். அங்கே பல் வந்ததுகூட விரலுக்காக இல்லை. தங்கம், வெள்ளிக் காசுகளை ஓரத்தில் சுரண்டித் திருடியவர்களுக்காக.

2019 மார்ச்சில் பார்வையற்றோருக்கு உதவும்படி புது வரிசைக் காசுகளை வெளியிட்டார்கள். அதில் இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கங்கள். பத்தும் இருபதும் ஒரே அளவு, 27 மி.மீ. ஆனாலும் குழப்பமில்லை. வைவா முடிந்த அன்று பஸ்ஸில் ஒன்று கிடைத்தது, தாத்தாவிடம் கொடுத்தேன். நகம் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது.

"என்னடா, மூலை திரும்ப வந்துடுச்சா?"

"இருபது ரூபா தாத்தா."

"எங்கிட்ட இருபது ரூபாய்க்கு யாரு வாங்கறா? ரெண்டு ரூபாய்க்குப் போடச் சொல்லு."

யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. அரியர் எக்ஸாமில் காலர் கேள்வி வந்தால் மட்டும் இரண்டு பக்கம் எழுதுவேன்.