கழித்தபின் நிற்கும் எண்

இந்தியா, இலங்கை இரண்டின் சேமிப்பு விகிதத்தையும் ஒரே படத்தில் நான் முதன்முதலாக வரைந்தபோது, 2007ஆம் ஆண்டுக்கு இலங்கையின் கோடு சுமார் 18 சதவீதத்திலும் இந்தியாவின் கோடு 36ஐத் தாண்டியும் நின்றன. ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. அதற்கு இரண்டு பக்க விளக்கமும் எழுதிவிட்டேன். வரைவைப் படித்த மூத்த ஆய்வாளர் ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, சவூதியில வீட்டு வேலை பார்க்கிற பொம்பளைங்க ஊருக்கு அனுப்புற பணம் இதுல எங்க இருக்கு?"

இலங்கைக் கோட்டில் அது இல்லவே இல்லை. இந்தியக் கோட்டில் இருந்தது. இரண்டு அட்டவணைகளிலும் 'மொத்த உள்நாட்டுச் சேமிப்பு' என்றே தலைப்பு, அதை நம்பிவிட்டேன். கொழும்பில் மத்திய வங்கி உள்நாட்டுச் சேமிப்பு, தேசிய சேமிப்பு என இரண்டையும் தனித்தனியே தரும். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் இரண்டாவதில்தான் சேரும். டெல்லியிலோ பழைய கணக்கில் பெயர்தான் 'உள்நாட்டு', உள்ளடக்கம் தேசியம். முதலீட்டிலிருந்து வெளியார் தந்த நிகர நிதியைக் கழித்தால் வருவது எதுவோ, அதுவே அங்கே சேமிப்பு. 2011-12ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில் அந்த 'உள்நாட்டு' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். தேசிய சேமிப்பை வைத்து மறுபடி வரைந்தபோது இலங்கை 23ஐ ஒட்டி ஏறியது. என் இரண்டு பக்க விளக்கத்தில் பெரும்பகுதிக்கு வேலை இல்லாமல் போனது.

அன்று முதல், கோடு வரையும் முன் ஒவ்வொரு எண்ணும் எதிலிருந்து எதைக் கழித்து வந்தது என்று எழுதி வைத்துக்கொள்கிறேன். இலங்கைக் கணக்கில் சேமிப்பை யாரும் நேரில் எண்ணுவதில்லை. வருமானத்திலிருந்து நுகர்வைக் கழித்தால் மிஞ்சுவது அது. ஆகவே இரு பக்கத்துப் பிழைகளும் அதில்தான் வந்து தங்கும். இந்திய ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, இலங்கையின் ஆண்டு ஜனவரியில். இது சின்ன விஷயம், சமாளிக்கலாம். எதைச் சேமிப்பு என்கிறோம் என்பதுதான் பெரிது. வீடு கட்டினால் சேமிப்பு. மனை வாங்கினால் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போன பணம்; நாட்டுக்கு ஒன்றும் கூடவில்லை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் நுகர்வு. இந்தியக் கணக்கில் நகைக்குத் தனி இடம் உண்டு. ஆகவே நம் வீட்டு வளையல்களும் அந்தச் சதவீதத்தில் இருக்கின்றன.

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது இலங்கையின் 2021, 2022தான். டாலரை 200 ரூபாயை ஒட்டி அதிகாரிகள் பிடித்து வைத்திருந்தார்கள். வெளியே அதற்கு மேல் கிடைத்ததால் பணம் வங்கியை விட்டு உண்டியலுக்குப் போனது. (இலங்கையில் உண்டியல் என்றால் ஹவாலா.) வங்கி வழியாக வந்த பணம் 2020இல் 710 கோடி டாலர், 2022இல் சுமார் 380 கோடி. ஆனால் உண்டியலில் வந்த பணத்திலும் மட்டக்களப்பில் ஒரு குடும்பம் அரிசி வாங்கியிருக்கும். அந்த அரிசி நுகர்வில் ஏறிவிட்டது. அதை வாங்கிய பணம் வருமானத்தில் ஏறவில்லை. கழித்தால் சேமிப்பு இருந்ததைவிடக் குறைவாகத் தெரியும். 2022 நாடு நிஜமாகவே நொடித்துப்போன வருடம். குடும்பங்கள் கையிருப்பைக் கரைத்ததும் நிஜம். அந்த ஆண்டுகளின் எண்ணில் இதன் பங்கு எவ்வளவு, உண்டியலின் பங்கு எவ்வளவு என்று அட்டவணை பிரித்துக் காட்டாது.

2023இல் வங்கி வழி வரவு ஏறக்குறைய 600 கோடி டாலருக்குத் திரும்பியது.  அதை வைத்து, அந்த ஆண்டில் மக்கள் திடீரென்று சிக்கனமாகிவிட்டார்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இப்போது என் படத்தில் 2021, 2022 இரண்டுக்கும் புள்ளி மட்டும் வைத்திருக்கிறேன், கோட்டால் இணைக்கவில்லை.