என் தொலைபேசியில் இருக்கும் பெயர்கள்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கொரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் ஓர் அரச திணைக்களத்தில் பணியாற்றுபவர். ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்தத் திணைக்களம் என்பவை வாசகர்களுக்கு வேண்டாதவை. 'அவர்' என்றொரு சொல்லைத் தமிழ் நமக்குத் தந்திருப்பது இத்தகைய வேளைகளில் எவ்வளவு உதவி!

எங்களுக்குள் ஏழெட்டு வருடப் பழக்கம். அவர் காட்டிய ஓர் ஆவணத்தை வைத்து நான் முன்னர் ஒரு செய்தி எழுதியிருக்கிறேன். அதில் அவருடைய பெயர் இல்லை. பெயரை ஊகிக்க வைக்கும் ஒரு சொற்கூட இல்லை. யார் தந்தது என்று ஆசிரியர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் அது ஒரு மரியாதை. அதன்பின் ஆண்டுக்கு ஓரிரு முறை பேசுவோம். அதுவும் நான்தான் அழைப்பேன். அவராக அழைத்தது அன்றுதான்.

"ஐயா, உங்கட படம் என்ர போனிலை வந்து நிக்குது. 'இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' எண்டு போட்டிருக்கு. நான் உங்களைத் தேடேல்லை. நீங்கள் என்னைத் தேடினீங்களோ?"

இல்லை என்றேன். உண்மையும் அதுதான்.

"அப்ப எப்பிடி வந்தது? என்ர மேசைக்குப் பக்கத்திலை இருக்கிறவையின்ர போனிலையும் இப்பிடி வருமோ? என்ர பேரும் உங்கட பேரும் ஒண்டாய் வருமோ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நாற்பது ஆண்டுகளாகப் பிறரிடம் கேள்வி கேட்டுப் பிழைத்தவன், ஒருவருடைய நேரான கேள்விக்கு முன்னால் வாயடைத்து நின்றேன். 'பார்த்துச் சொல்கிறேன்' என்று மட்டும் சொன்னேன்.

பார்த்தேன். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் புதிய கைத்தொலைபேசி ஒன்று வாங்கியிருந்தேன். பழையதில் இருந்தவற்றைப் புதியதற்கு மாற்றித் தந்த கடைத் தம்பி, "ஐயா, ஒண்டும் விடுபடாது" என்று உறுதி சொன்னான். சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். ஒரு பெயரும் விடுபடவில்லை. அன்றிரவு, நான் எப்போதாவது எட்டிப் பார்க்கும் ஒரு சமூக வலைத்தளத்தின் செயலியைப் புதிய தொலைபேசியில் திறந்தேன். 'உங்கள் நண்பர்களைக் கண்டுபிடிக்க உதவட்டுமா?' என்று அது கேட்டது. 'சரி' என்பது பெரிய நீலப் பொத்தானில் இருந்தது. 'இப்போது வேண்டாம்' என்பது கீழே மங்கிய எழுத்தில் இருந்தது. எனக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது. பெரிய பொத்தானை அழுத்தினேன்.

அவ்வளவுதான் நடந்தது. என் தொலைபேசியின் முகவரிப் பட்டியல் முழுவதும் அந்த நிறுவனத்தின் கணினிக்குப் பிரதியாகிப் போய்விட்டது. அவர் தமது கணக்கைத் திறந்தபோது கொடுத்த தொலைபேசி இலக்கமும் என் பட்டியலில் இருந்த இலக்கமும் ஒன்று. இருவரையும் தெரிந்தவர்களாகக் கருத ஒரு கணினிக்கு அது போதும். இவற்றை நான் பிறகுதான் படித்து அறிந்தேன். இதில் என்னை உலுக்கியது என்னவென்றால், அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. தமது பட்டியலை அவர் யாருக்கும் கொடுக்காமலே இருந்திருக்கலாம். அவருடைய இலக்கத்தை வைத்திருக்கும் என் போன்ற ஒருவன் கொடுத்துவிட்டால் அவருடைய எச்சரிக்கையெல்லாம் வீண்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வயது ஏற ஏற மறதியும் ஏறுகிறது. யார் யாரென்று நினைவில் நிற்கட்டுமே என்று, பெயருக்குப் பக்கத்தில் அவர் வேலைசெய்யும் திணைக்களத்தின் பெயரையும் நானே எழுதி வைத்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பத்திரிகைக்கு வந்தபோது, மூத்த நிருபர் ஒருவர் தேநீர்க் கடையில் வைத்துச் சொல்லித் தந்த முதற் பாடம் இது: "தம்பி, ஆளின்ர பெயரைக் கொப்பியிலை எழுதாதை. தலைக்குள்ளை வை. தலைக்குள்ளை இடமில்லையெண்டால் அந்த ஆளிட்டைப் போகாதை." பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்திருந்தது. ஒரு குறிப்புப் புத்தகம் யாருடைய கைக்குப் போகும், அதிலுள்ள ஒரு பெயருக்கு என்ன நேரும் என்று எவராலும் சொல்ல முடியாத காலம் தொடங்கியிருந்தது.

அதனால் எங்கள் கொப்பிகளில் 'பால்காரர்', 'மாமரத்தடி', 'பெரியப்பா' என்றெல்லாம் பெயர்கள் இருந்தன. சமாதான காலத்தில், 2002இல் ஏ9 வீதி திறந்த பின்னர், ஓமந்தையில் என் பையைக் கொட்டிச் சோதித்த சிப்பாய் ஒருவன் கொப்பியைப் புரட்டினான். அவனுக்குக் கொஞ்சம் தமிழ் வாசிக்கத் தெரிந்திருந்தது. 'பெரியப்பா – செவ்வாய்' என்றிருந்த இடத்தில் விரலை வைத்து, யார் இவர் என்று கேட்டான். அப்பாவின் அண்ணன் என்றேன். போகச் சொல்லிவிட்டான். என் உண்மையான பெரியப்பா காலமாகி அப்போது பத்து வருடங்கள் இருக்கும். அன்றைக்கும் அவர் எனக்கு உதவினார்.

மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தில் தம் வீட்டில் வைத்தே கொல்லப்பட்டார். தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரியில் பட்டப்பகலில் வீதியில் தாக்கிக் கொல்லப்பட்டார். எழுதியவர்களுக்கே இந்தக் கதி என்றால், தகவல் தந்தவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெயரின் விலை என்னவென்று எங்களுக்கு அப்போது தெரிந்திருந்தது.

அப்படி வளர்ந்த நான், எவரும் மிரட்டாமல், ஒரு சதமும் வாங்காமல், 1,146 பெயர்களையும் இலக்கங்களையும் ஒரே அழுத்தலில் ஒப்படைத்துவிட்டேன். எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஓமந்தையில் என்னிடமிருந்து எடுக்க முடியாததைத் தூக்கக் கலக்கத்தில் நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இதை நண்பர் ஒருவரிடம் சொல்லி வருந்தியபோது, "எங்களிட்டை மறைக்க என்ன கிடக்கு ஐசே?" என்று சிரித்தார். பலரும் சொல்லும் வாசகம்தான். எனக்கும் மறைக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. என் ஓய்வூதியமும், வாங்கும் மாத்திரைகளும், பேரப்பிள்ளைகளின் படங்களும் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் எனக்குக் கவலையில்லை. அவை என்னுடையவை. விரும்பினால் கொடுப்பேன். ஆனால் முகவரிப் பட்டியல் என்னுடையதா? அதில் என்னுடையது என்று சொல்லக்கூடிய பெயர் ஒன்றுகூட இல்லை. என்னை நம்பி ஒவ்வொருவராகத் தந்த இலக்கங்கள் அவை. அடைவு வைத்த நகையை எடுத்து இன்னொருவருக்கு இரவல் கொடுக்க எவருக்கும் உரிமை இல்லை.

தனியுரிமை பற்றி நாம் பேசும்போதெல்லாம் நம்முடைய இரகசியங்களைப் பற்றியே பேசுகிறோம். நம்மிடமுள்ள பிறருடைய இரகசியங்களைப் பற்றிப் பேசுவதில்லை.

2021 ஜனவரியில் வட்ஸ்அப் தனது தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்தபோது எழுந்த ஆரவாரம் நினைவிருக்கலாம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் நண்பர்கள், 'உடனே சிக்னலுக்கு வாருங்கள்' என்று எழுதினார்கள். அந்த அழைப்பையும் வட்ஸ்அப்பில்தான் அனுப்பினார்கள். நானும் போனேன். சில வாரங்களுக்கு அங்கே காலை வணக்கங்கள் வந்தன. பின்னர் ஒவ்வொருவராகத் திரும்பிவிட்டார்கள். குடும்பக் குழு அங்கே, ஊர்ச் சங்கம் அங்கே, மரண அறிவித்தல் வருவதும் அங்கே. மென்பொருளின் தரத்தைப் பார்த்து நாம் அதைத் தெரிவு செய்வதில்லை. சந்தைக்குப் போவதுபோல, சனம் இருக்கும் இடத்துக்குப் போகிறோம். 2018 மார்ச்சிலும், 2019 ஈஸ்டர் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரலிலும் இலங்கையில் சமூக ஊடகங்களை முடக்கியபோது, தடையைத் தாண்டுவதற்கென்று இலவச வீ.பீ.என். செயலிகளை ஓடியோடி நிறுவிக்கொண்டோமே, அவற்றை நடத்துபவர் யாரென்று நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? நான் பார்க்கவில்லை.

வட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுகின்றன. அதாவது, அனுப்பியவரும் பெற்றவரும் தவிர நடுவிலுள்ள நிறுவனத்தால் வாசிக்க முடியாது. அது பெரிய பாதுகாப்புத்தான். ஆனால் ஒட்டிய கடிதத்தை எவரும் பிரிக்காவிட்டாலும், யார் யாருக்கு எழுதினார் என்பது உறையின்மேல் இருக்கிறது. தகவல் தந்த ஓர் அரச ஊழியருக்கு ஆபத்து பெரும்பாலும் கடிதத்தில் இல்லை, உறையில்தான் இருக்கிறது. அவர் என்ன சொன்னார் என்பது பத்திரிகையிலேயே வந்துவிடும். அவருக்கும் எனக்கும் பழக்கம் உண்டு என்பதுதான் மறைக்கவேண்டிய செய்தி.

சிக்னல் நிறுவனத்துக்கு 2016இல் அமெரிக்க நீதித்துறையிலிருந்து இரண்டு தொலைபேசி இலக்கங்கள் தொடர்பாக ஓர் அழைப்பாணை வந்தது. கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள் என்பவற்றைத் தவிர அவர்களால் எதையும் கொடுக்க முடியவில்லை. கொடுக்க மறுக்கவில்லை, அவர்களிடம் இருந்ததே அவ்வளவுதான். இதை வாசித்தபோது எனக்கு அந்தத் தேநீர்க் கடைதான் நினைவுக்கு வந்தது. கொப்பியில் எழுதாத பெயரை யார்தான் பறிக்க முடியும்? அந்தச் செயலியை உருவாக்கியவர்கள் எங்கள் மூத்த நிருபரின் பாடத்தைத் தாமாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். 2024 முதல், தொலைபேசி இலக்கத்தைக் காட்டாமல் ஒரு பயனர்பெயரைக் கொண்டே அதில் தொடர்புகொள்ளவும் முடிகிறது.

நியாயமாகச் சொன்னால், முன்பைவிட நிலைமை திருந்தியிருக்கிறது. 2015இல் அன்ட்ரொயிட் 6 வரும்வரை, ஒரு செயலியை நிறுவும்போதே அது கேட்கும் எல்லாவற்றுக்கும் ஒருமிக்கச் சம்மதிக்க வேண்டும், அல்லது செயலியையே விட்டுவிட வேண்டும். அதன்பின் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அனுமதி கேட்கிறது. ஐபோனில் 2024இல் வந்த மாற்றத்தின்படி, பட்டியலில் குறிப்பிட்ட சிலரை மட்டும் ஒரு செயலிக்குக் காட்டலாம். இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாகத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. நிறுவனங்களும் அரச அமைப்புகளும் நம் தரவுகளை எப்படிக் கையாள வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் ஒருவர் தமது சொந்த, வீட்டுத் தேவைக்காக வைத்திருக்கும் விபரங்கள் அதன் எல்லைக்கு வெளியே. என் சட்டைப் பைக்குள் இருக்கும் பட்டியலைப் பற்றிச் சட்டம் என்னிடம் கேட்காது. நானே என்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கேட்டுக்கொண்டேன். அந்த வலைத்தளத்தின் அமைப்புகளுக்குள் அரை மணித்தியாலம் அலைந்து, ஏற்றிய பட்டியலை அழிக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அழித்தேன். அழிந்தது பட்டியல்தான். இருவர் தொலைபேசியில் ஏற்கெனவே தோன்றிய படத்தை எவராலும் தோன்றாமல் செய்ய முடியாது. பிறகு தொலைபேசியில் ஒவ்வொரு செயலியாகத் திறந்து பட்டியலுக்கான அனுமதியை நீக்கினேன். பணம் செலுத்தும் செயலி, பஸ் நேரம் பார்க்கும் செயலி, ஒரு தமிழ் நாட்காட்டி எல்லாவற்றிடமும் அது இருந்தது. இராகு காலம் பார்க்க 1,146 பேரின் இலக்கங்கள் எதற்கு? வட்ஸ்அப்பில் இப்போது பல இடங்களில் பெயருக்குப் பதிலாக இலக்கமே தெரிகிறது. மகளை இலக்கத்தால் அடையாளம் காண்பது சிரமமாகத்தான் இருக்கிறது. பழகிக்கொள்கிறேன். தொழில் தொடர்பான நாற்பது, ஐம்பது பேரை அடியோடு தொலைபேசியிலிருந்து எடுத்துவிட்டேன். அவர்கள் மீண்டும் ஒரு சிறிய கொப்பிக்குள், 'பால்காரர்' ஆகவும் 'மாமரத்தடி' ஆகவும் குடியிருக்கிறார்கள்.

எல்லாம் முடிந்தபின் அவரை அழைத்தேன். என்ன நடந்ததென்று ஒளிக்காமல் சொன்னேன். தவறு தொலைபேசியினுடையதல்ல, என்னுடையது என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பறவாயில்லை ஐயா, நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே" என்றார். கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த உரையாடலுக்குப் பின்னர் இரண்டு தடவை அழைத்துப் பார்த்தேன். அவர் எடுக்கவில்லை. அது அவருடைய உரிமை.

இதை வாசிக்கும் உங்களில் சிலருடைய தொலைபேசியில் என் இலக்கமும் இருக்கும். உங்கள் பிள்ளைகளின் ஆசிரியருடையது, உங்கள் வைத்தியருடையது, வேறு எவருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தந்த யாரோ ஒருவருடையதும் இருக்கும். அடுத்த முறை ஒரு செயலி உங்களிடம் நண்பர்களைக் கண்டுபிடித்துத் தரட்டுமா என்று கேட்டால், ஒரு கணம் அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். நண்பர்களைக் கண்டுபிடித்தபடியால்தானே அவர்களுடைய இலக்கங்கள் உங்களிடம் இருக்கின்றன. கீழே, மங்கிய எழுத்தில், இன்னொரு பொத்தான் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினால் தெரியும்.