வவுனியா ஓடுபாதையும் சீனன்குடாவின் எரிந்த குதமும்

வன்னிக்குச் செல்வோர் குளங்களையும் வயல்களையும் பாலைமரக் காடுகளையும் காண்பர்; வவுனியா நகரையடுத்துள்ள விமானத்தளத்தைப் பொருட்படுத்துவோர் சிலரே. அது இன்று விமானப்படை முகாமாதலின் நாம் உட்புக இயலாது. வேலிக்கு வெளியே நின்று நோக்குவதோடு அமைய வேண்டியதுதான். 2008 செப்டம்பரில் வானிலிருந்து குண்டு விழுந்த இடமாகவே பலர் அதனை நினைவுகூர்வர். ஆயினும் அதன் கதை அதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் முந்தியது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானிய விமானப்படையினர் அமைத்த தளம் இது. 1943இல் 22ஆம், 217ஆம் படையணிகளின் போபோர்ட் விமானங்கள் இங்கு வந்து தங்கின. கப்பல்களை டோர்ப்பிடோவால் தாக்குதற்கென்றே அமைந்த விமானங்கள் அவை. எதிர்பார்த்த கப்பற்படையோ மீண்டும் வரவேயில்லை. கடற்காவலும் கப்பற்றொடர்களுக்குத் துணைபோதலுமே அவ்வீரர்களுக்கு வாய்த்த பணி. நெல்விளையும் இந்நாட்டின் நடுவே இத்துணை ஆயத்தம் ஏன் வேண்டியிருந்தது என்பதை அறியத் திருகோணமலைக்குப் போதல் வேண்டும்.

ஹொரவப்பொத்தானை வழியாகச் செல்லும் வீதியில் நாம் கிழக்கு நோக்கிப் புறப்பட்டோம். கன்னியா வெந்நீரூற்றில் கால் நனைக்காமல் மேற்செல்ல எவருக்கும் மனம் வராது, நமக்கும் வரவில்லை. பின்பு நகரைச் சுற்றிச் சீனன்குடாவை அடைந்தோம். பிரித்தானியர் தம் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்க் குதங்கள் அங்கே ஏறக்குறைய 850 ஏக்கர் நிலத்தில் காட்டினூடே பரந்து கிடக்கின்றன. இன்று எஞ்சியிருப்பவை 99. உட்செல்ல அனுமதி வேண்டும்.

மற்றவை உருண்டு திரண்டு நிமிர்ந்து நிற்க, 91ஆம் இலக்கக் குதம் மட்டும் உருக்குலைந்து கிடக்கின்றது. தடித்த உருக்குத் தகடுகள் வெயிலில் வாடிய வாழையிலைபோல் மடிந்து தொங்குகின்றன. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி காலை யப்பானிய விமானமொன்று இதன்மேல் வீழ்ந்தது. மூண்ட தீ ஏழு நாட்கள் எரிந்ததென்பர். விமானத்தில் இருந்தோர் மூவர். சிகெனோரி வத்தனபே, டோக்கியா கோட்டோ, சுட்டோமு டோஷிரா என இங்கு அவர்கள் பெயர் வழங்குகின்றது.

அவர்கள் வேண்டுமென்றே பாய்ந்து உயிர்விட்டனர் என்று ஊரார் உறுதியாகச் சொல்வர். தற்கொலைத் தாக்குதலை யப்பானியர் ஒரு போர்முறையாகவே தொடங்கியது 1944 ஒக்டோபரில், பிலிப்பைன்ஸ் கடலில். அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னரே இங்கு அது நிகழ்ந்ததென்று கொள்வதற்கு, எரியும் விமானத்துள் இருந்தோரின் எண்ணத்தை நாம் அறிந்திருத்தல் வேண்டும். சுடப்பட்டு வீழ்ந்த விமானமும் எங்கேனும் வீழத்தான் செய்யும். ஊரார் கூற்றை நாம் மறுக்கவில்லை. அதன்மேல் வரலாற்றைக் கட்டத் துணியவுமில்லை.

அக்காலையில் வந்தது தளபதி நகுமோவின் கப்பற்படை. நான்கு நாட்களுக்கு முன், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பைத் தாக்கியதும் அதுவே. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் அதனிடம் இருந்தன. அப்படை வருவதை ஏப்ரல் 4ஆந் திகதி கண்டு செய்தி அனுப்பியது, தென்மாகாணத்துக் கொக்கலையிலிருந்து பறந்த கட்டலினா விமானமொன்று. அதனைச் செலுத்தியவர் கனடா நாட்டவரான பேர்ச்சல். விமானம் சுடப்பட்டுக் கடலில் வீழ்ந்தது. ஒன்பதின்மருள் மூவர் மாண்டனர், அறுவர் சிறைப்பட்டனர்.

இனி, குதத்தைக் காண வருவோர் பெரும்பாலும் கேட்டறியாத ஒரு செய்தி. திருகோணமலை தாக்கப்பட்ட அதே காலையில், கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து 11ஆம் படையணியின் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் பதினொன்று கிளம்பின. இரண்டு இயந்திரக் கோளாற்றால் திரும்பிவிட்டன. எஞ்சிய ஒன்பதும், துணைக்குப் போர்விமானம் ஒன்றேனும் இன்றி, கடல்மேற் பறந்து அக்கப்பற்படையைக் கண்டுபிடித்தன. யப்பானியரிடம் ராடார் கருவி இல்லை. அக்காகி என்னும் தலைமைக் கப்பலைச் சுற்றிக் குண்டுகள் நீரைக் கிளப்பிய பின்னரே தலைக்குமேல் பகைவர் இருப்பதை அவர்கள் உணர்ந்தனர். ஒரு குண்டேனும் கப்பலிற் படவில்லை. ஐந்து பிளென்ஹைம்கள் திரும்பி வரவில்லை. ஒவ்வொன்றிலும் மூவர்.

ஏறத்தாழ அதே வேளையில், மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்ட அப்பேரழிவு ஒருபுறமும், குதத்தின் தீ மறுபுறமும் எழுந்து நிற்க, நடுவே பிளென்ஹைம்களின் முயற்சி மறைந்துபோயிற்று. ஆயினும் நகுமோவின் விமானந்தாங்கிகள்மேல் உயரே இருந்து குண்டுவீசிய முதல் விமானங்கள் அவையே. காவலில் இருந்த இக்குறையை யப்பானியர் ஆராய்ந்து திருத்தவில்லை. எட்டு வாரங்களில், மிட்வேத் தீவருகே, வானிலிருந்து பாய்ந்த குண்டுகளுக்கு அக்காகியுட்பட நான்கு விமானந்தாங்கிகளை அவர்கள் இழந்தனர். ஒன்பது பழைய விமானங்கள் அன்று செய்ததைத் தோல்வி என்று சொல்ல நமக்கு நாவெழவில்லை.

வவுனியாவுக்குப் போபோர்ட்கள் வந்ததன் காரணமும் இதுவே. அப்படை மீளவும் வருமாயின் வெறுங்கையோடு எதிர்கொள்ளலாகாது என்பதை அந்த ஏப்ரல் கற்பித்திருந்தது.

மாலையில் நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானத்துக்குச் சென்றோம். புல் ஒழுங்காக வெட்டப்பட்டு, வெண்கற்கள் வரிசையாக நிற்கின்றன. கரைக்குக் கொண்டுவர முடிந்தோர்க்கே கல்லறை உண்டு. கடலோடு போன விமானவீரர்க்குத் தனிச் சமாதி எங்குமில்லை. ஆசியாவின் தெற்கிலும் கிழக்கிலும் அவ்வாறு மறைந்தோரின் பெயர்களைச் சிங்கப்பூரின் கிராஞ்சியிலுள்ள நினைவுச் சுவர்களிற் பொறித்துள்ளனர். இருபத்துநாலாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள். சிங்கப்பூரில் வாழும் நம்மவர்க்கு அவ்விடம் ஒரு பஸ் பயணத் தூரமே.