தெப்பத்தில் பிடித்ததை பலூனில் விட்டார்!

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மிஸிஸிபி நதிக்கரையில் ஹானிபல் என்று ஒரு சின்ன ஊர். ஜனத்தொகை சுமார் 17,000. (நம்மூரில் ஒரு பேட்டைக்குக் காணாது!) வெளியூர்க்காரர்கள் அங்கே வந்து எதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக் கொள்கிறார்கள் தெரியுமா? வெள்ளையடித்த ஒரு மரவேலி!

டாம் ஸாயர் கதையில் வருகிற அதே வேலி. டாம் எங்கே வெள்ளையடித்தான்... ஊர்ப் பையன்களை ஏய்த்து, அவர்களிடமே கூலியும் வாங்கிக்கொண்டு அடிக்க வைத்தான். (பின்னாளில் அருமையான மேனேஜராகியிருப்பான்.) கதையை எழுதிய மார்க் ட்வெய்ன் நாலு வயதிலிருந்து வளர்ந்தது இந்த ஊரில்தான். ஜூலை 4-ஐ ஒட்டி வேலிக்கு வெள்ளையடிக்கும் போட்டியே நடத்துகிறார்கள்.

ஆனால் ஊரின் நிஜமான ஹீரோ வேலியில்லை ஸார், நதி. 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற நதி. 1884-ல் வந்த ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலில் ஹக் என்ற பையனும், அடிமைத்தனத்திலிருந்து தப்பிய ஜிம்மும் ஒரு தெப்பத்தில் ஏறி இதில்தான் போகிறார்கள். ஒஹையோ நதி வந்து கலக்கும் இடத்தில் இருக்கிற கெய்ரோ என்ற ஊரை எட்டிவிட்டால், அங்கிருந்து அடிமை முறை இல்லாத மாநிலங்களுக்குப் போய்விடலாம் என்பது திட்டம். பாவம், மூடுபனியில் கெய்ரோவைத் தவற விடுகிறார்கள். நதியோ அவர்களை இன்னும் தெற்கே, அடிமை முறை இருக்கிற பிரதேசத்துக்கே இழுத்துக்கொண்டு போகிறது! அடுத்த திருப்பத்தில் ஜிம் பிடிபடுவானோ என்று நமக்குப் பதறுகிறது.

பத்து வருஷம் கழித்து, 1894-ல் அதே மூன்று பேரை வைத்து இன்னொரு கதை வந்தது. ‘டாம் ஸாயர் அப்ராட்’. இந்தத் தடவை பலூன்! அட்லாண்டிக்கைத் தாண்டி, சஹாரா வழியாக எகிப்துக்கு. சிங்கம், கானல் நீர், பிரமிட் எல்லாம் வருகிறது. படிக்கிறவனுக்குத்தான் எதுவும் ஒட்டவில்லை.

ஏன்? தெப்பம் ஒவ்வொரு கரையிலும் ஒதுங்கும். ஏமாற்றுக்காரன், சண்டைக்காரன், நல்லவன் என்று மனுஷனை மனுஷன் பார்த்தாக வேண்டும். பலூனில் என்ன பிரச்னை? ஆபத்து வந்தால் மேலே ஏறிவிட வேண்டியதுதான்!

இதிலும் ஒரு கெய்ரோ வருகிறது, எகிப்து கெய்ரோ. பலூனோடு ஜிம்மைப் பிரமிட் பக்கம் விட்டுவிட்டு, டாமும் ஹக்கும் கழுதை ஏறி, படகு ஏறி ஊருக்குள் போய்ச் சேருகிறார்கள். முதல் கதையில் ஒருவனுடைய விடுதலையே கெய்ரோவில்தான் இருந்தது. இதில் அது வெறும் ஊர் சுற்றல். கடைசியில் டாமுடைய புகைக்குழாய் உடைந்துபோக, வேறொன்று எடுத்துவர ஜிம்மை மிசௌரிக்கு அனுப்புகிறார்கள். விடுதலையான மனிதர், ஆபீஸ் பையன் மாதிரி கடல் தாண்டி ஓடுகிறார்! திரும்பும்போது பாலி அத்தையின் உத்தரவும் வருகிறது: உடனே வீட்டுக்கு வா. கதை டக்கென்று முடிந்துவிடுகிறது.

ட்வெய்னைத் திட்டவும் மனசு வரவில்லை. அச்சு கோக்கும் இயந்திரம் ஒன்றில் ஏராளமாகப் பணத்தைப் போட்டு முழுகியிருந்தார். கதை வந்த அதே 1894-ல் அவருடைய பதிப்பகமும் திவால். மாசக் கடைசியில் நாம் ஓவர்டைம் பார்ப்பது போல அவர் கதை எழுதியிருக்கிறார். பிறகு 59 வயதில் கடனை அடைக்க உலகம் சுற்றிப் பேசக் கிளம்பினார். 1896-ல் பம்பாய், காசி, கல்கத்தா பார்த்து, மெட்ராஸில் ஒரு நாள் நின்று இலங்கை போனார். 1898-க்குள் பைசா பாக்கியில்லாமல் அடைத்தும் விட்டார்.

ஜிம்முக்குப் பட்ட கடன்தான் பாக்கி நின்றது. அதைத் தீர்த்தவர் இன்னொரு அமெரிக்க எழுத்தாளர், பெர்சிவல் எவரெட். 2024-ல் வந்த ‘ஜேம்ஸ்’ நாவலில் அதே நதிப் பயணத்தை ஜிம்மே சொல்கிறார். 2025-ல் அதற்குப் புலிட்சர் பரிசு. அதில் பலூன் கிடையாது. மறுபடியும் மிஸிஸிபி, மறுபடியும் தெப்பம்!