நாம் ஏன் வேறுபட்டோம்?



அரியலூர்ப் பக்கம் நிலமுள்ளவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உழும்போதும் கிணறு வெட்டும்போதும் சுருண்ட சங்கு போன்ற கற்கள் அகப்படுகின்றன. ஒருகாலத்தில் இங்கே கடல் இருந்தது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரமொன்று கல்லாகிக் கிடப்பதை 1940இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். அதன் வயது சுமார் 12 கோடி ஆண்டு என்பர். மனிதன் வெகுகாலம் பிந்தியே வந்தான். திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த அவன் மூதாதையரின் கற்கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டே வயது.

நம் சபைத் தாயார் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். விலங்கியல் பயிலும் அவருடைய மகள், மனிதனும் சிம்பன்சியும் ஒரே மூதாதையரின் வழிவந்தவர்கள் என்று படித்தபின் ஆராதனைக்கு வர மறுக்கிறாளாம். அவளுக்காக ஜெபிக்கச் சொன்னார். அவளிடமும் பேசினேன். படித்ததைச் சொன்னால் சபையார் தன்னை அவிசுவாசி என்பார்கள் என்று அவள் அஞ்சுகிறாள்.

பொது மூதாதையர் உண்டு என்பதில் அறிவியலாரிடையே வழக்கில்லை. மனிதக் கிளை மட்டும் ஏன் இவ்வளவு வேறுபட்டது என்பதே வழக்கு. சிம்பன்சியின் மூளை சுமார் 400 கன சென்டிமீட்டர். நம்முடையது ஏறத்தாழ 1,350.

காடு குறைந்து புல்வெளி பரவியதால் நம் முன்னோர் நிமிர்ந்து நடந்தனர் என்பது பழைய விளக்கம். ஆனால் எத்தியோப்பியாவில் கிடைத்த, 44 லட்சம் ஆண்டுக்கு முற்பட்ட ஆர்டிபிதேக்கசு, மரங்கள் நிறைந்த இடத்திலேயே இருகாலில் நடந்ததாகத் தெரிகிறது. நெருப்பில் சமைத்த உணவே குடலைச் சுருக்கி மூளையை வளர்த்தது என்கிறார் ரிச்சர்டு ராங்கம். அழகிய கருத்துதான், எனினும் ஐயமற்ற நெருப்புத் தடயங்கள் சுமார் 10 லட்சம் ஆண்டுக்கு முன்பே நின்றுவிடுகின்றன, மூளையோ அதற்கு முன்னரே பெருகத் தொடங்கிவிட்டது.

என் மனத்தைக் கவர்ந்தது மூன்றாவது விளக்கம். தான்சானியாவின் ஹாட்சா மக்களிடையே ஆய்வு செய்த கிறிஸ்டன் ஹாக்ஸ், வயது முதிர்ந்த பெண்கள் கிழங்கு அகழ்ந்து பேரப்பிள்ளைகளைப் போஷிப்பதைக் கண்டார். சிம்பன்சித் தாய் ஏறத்தாழ ஐந்து ஆண்டு தனியாகவே பாலூட்டி வளர்க்கிறது. அதுவரை அடுத்த குட்டி இல்லை. மனிதத் தாய்க்கோ பாட்டியின் கை கிடைத்தது. பிள்ளைப்பேறு நின்றபின்னும் பெண்கள் நெடுங்காலம் வாழ்வதும், நம் பிள்ளைப்பருவம் நீண்டதும் அதனால்தான் என்பது அவர் வாதம். ஆண்களின் வேட்டையே முதன்மை என்போர் இதை ஏற்பதில்லை. பருத்திக் களத்துக்குப் போகும் தாய்மார் யாரிடம் பிள்ளையை விட்டுச் செல்கிறார்கள் என்பதை நாள்தோறும் காணும் எனக்கு, இவ்விளக்கம் அந்நியமாகத் தோன்றவில்லை.

மனிதன் மண்ணினால் உருவாக்கப்பட்டான் என்று ஆதியாகமம் சொல்கிறது. அம்மண்ணிலிருந்து வந்த வழி நாம் எண்ணியதைவிட நெடியதாயின், தேவசாயல் எவ்விதம் குறைவுபடும்? இயற்கையைக் குறித்து அறியாமல் பேசும் கிறிஸ்தவரால் வேதமே நகைப்புக்கு இடமாகும் என்று ஐந்தாம் நூற்றாண்டிலேயே அகுஸ்தீன் கவலைப்பட்டார். அந்தக் கவலை எனக்கும் உண்டு. பிள்ளைகளைப் பாடநூலுக்கும் சபைக்கும் நடுவே நிறுத்தி, ஒன்றைத் தெரிந்துகொள் என்று நாம் சொல்லலாகாது.

வரும் சனிக்கிழமை வாலிபர் கூட்டத்தில் அவள் இப்பொருளில் பேச இசைந்திருக்கிறாள். பெரியவர்களும் வாருங்கள், மறுத்துக் கேட்க வேண்டுமாயின் கேளுங்கள். காது சற்று மந்தமான அவளுடைய பாட்டியார் முன்வரிசையில் இடம் கேட்டிருக்கிறார்.