அளந்து பார்த்துவிட்டு ஸ்பேனரை எடு

நாகர்கோவில்

அன்பு மகள் கவிதாவுக்கு,

நேற்று நீ சொன்னதற்குப் போனிலேயே பதில் சொன்னால் பாதி மறந்துபோகும். வண்டிப் பக்கத்தில் நிற்கும்போது கையில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

காலையில் ஸ்டார்ட் ஆக மக்கர், பின்னால் பெட்ரோல் வாடை, மைலேஜ் இறக்கம், சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்ததுமே ஓடுகிற ரேடியேட்டர் ஃபேன். ஸ்கேனரில் பி0118 என்ற எரர் கோடு. இதற்கு ஃபேன் மோட்டாரையும் ரேடியேட்டரையும் மாற்றச் சொன்னார்களாம். மாற்றாதே மக்களே. நீ சொன்ன அத்தனையும் விரல் நீளம்கூட இல்லாத கூலண்ட் டெம்பரேச்சர் சென்சாரைத்தான் கை காட்டுகிறது.

சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். 20 டிகிரியில் ஏறக்குறைய இரண்டரை கிலோ ஓம் காட்டுவது, 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் வந்துவிடும். அதைப் பார்த்துத்தான் இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூ எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று முடிவு செய்கிறது. இணைப்பு எங்காவது அறுந்தால் தடை எல்லை மீறிப்போகும். ஈசியூவுக்கு அது கடுங்குளிர். ஸ்கேனரில் மைனஸ் 40 என்று நீயே பார்த்தாய் அல்லவா? சென்னை வெயிலில் நிற்கும் வண்டிக்கு மைனஸ் 40! அந்தக் கணக்கில்தான் பெட்ரோலை அள்ளிக் கொட்டுகிறது. ஃபேனிலும் கோளாறு கிடையாது. சென்சாரை நம்ப முடியாதபோது இன்ஜின் சூடேறிவிடக் கூடாதென்று ஈசியூவே அதை ஓட விடுகிறது.

ஆனால் வயர் அறுந்திருந்தாலும் இதே எரர் கோடுதான் வரும். அதனால் சென்சாரை வாங்குமுன் இதைச் செய். இன்ஜின் ஓடக் கூடாது, சாவி மட்டும் ஆனில் இருக்கட்டும். தெர்மோஸ்டாட் பக்கத்தில் இருக்கும் சென்சாரின் கப்ளரைக் கழற்று. பச்சை பூத்திருந்தால் முதலில் சுத்தம் செய். பிறகு கப்ளரின் இரண்டு முனைகளையும் மெல்லிய வயரால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஸ்கேனரைப் பார். மைனஸ் 40 சட்டென்று 120, 130 என்று ஏறினால் வயரும் ஈசியூவும் சுத்தம், சென்சார்தான் போயிருக்கிறது. அசையாமல் மைனஸ் 40-லேயே நின்றால் கோளாறு வயரிலோ ஈசியூவிலோதான், அதைத் தேடு; புது சென்சார் போட்டாலும் காசு வீண். தடித்த கம்பியைத் திணித்து முனைகளை விரித்துவிடாதே. பணிமனையில் என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்களுக்கெல்லாம் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தேன்.

கடையில் டூப்ளிகேட் நிறைய உண்டு. புதுசையும் மாட்டுமுன் மல்டிமீட்டரில் பார். அதன் நுனியை வெந்நீரில் நனைத்தால் ஓம் மளமளவென்று இறங்க வேண்டும்.

இனி நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று. இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதே. உள்ளே கூலண்ட் அழுத்தத்தில் இருப்பதால்தான் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் கிடக்கிறது. மூடி திறந்த கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். அப்படி வெந்துபோன கைகளைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் வேலையைத் தொடங்கு.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்று. மூடியைத் திறந்து அழுத்தம் போகவிட்டு மறுபடி மூடினால், சென்சாரைக் கழற்றும்போது அதிகம் கொட்டாது. புதுசைக் கையில் வைத்துக்கொண்டே பழசைக் கழற்று, பெரும்பாலும் 19 ஸ்பேனர்தான். புது வாஷர் போடு. மரை பிடிக்கும் வரை விரலாலேயே திருகு. ஹவுசிங் அலுமினியம், பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். கீழே ஒரு தட்டு வை. கூலண்ட் இனிப்பாக இருக்கும், தெரு நாய் நக்கினால் செத்துவிடும்.

குறைந்த அளவுக்கு அதே வகைக் கூலண்டை ஊற்று. பேட்டரியை மறுபடி மாட்டு. மூடியைத் திறந்தபடியே, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினை ஓடவிட்டால் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறும். மட்டம் இறங்க இறங்க ஊற்றி, குமிழி நின்றதும் மூடு. பிறகு சூடு மெல்ல ஏறி, 95 டிகிரியை ஒட்டி ஃபேன் தானாக ஓடி, தானாக நிற்கிறதா என்று பார். ஸ்கேனரில் எரர் கோடை அழித்துவிடு.

அதுவரை டெம்பரேச்சர் முள் காட்டுவதை நம்பி நெடுந்தூரம் போகாதே. வயர் சேர்த்துப் பார்த்ததும் என்ன நம்பர் வந்தது என்று எனக்குப் போன் செய். எந்த நேரமானாலும் எடுப்பேன். மாப்பிள்ளையையும் பக்கத்தில் நிற்கச் சொல், டார்ச் பிடிக்க ஆள் வேண்டும்.

அன்புடன்,
சித்தப்பா