வகுப்பறை நட்பும் வீதியின் சோதனையும்

பள்ளி நட்பு இனம் பார்ப்பதில்லை என்பர். அக்கூற்றை வீதியில் நிறுத்திச் சோதித்த புதினம், லாய்டு பெர்னாண்டோ 1976-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ஸ்கார்ப்பியன் ஆர்க்கிட்'. 1926-இல் இலங்கையில் பிறந்து, 1938-இல் சிங்கப்பூருக்கு வந்த அவர், போருக்குப் பிந்திய இந்நகரை நேரில் கண்டவர்.

சாந்திநாதன் தமிழன், குவான் கெங் சீனன், சப்ரான் மலாய்க்காரன், பீட்டர் டி அல்மேடா யுரேசியன். பள்ளியில் அரும்பிய நட்பு பல்கலைக்கழகம்வரை தொடர்கிறது. நால்வரையும் பிணைத்தது ஆங்கிலக் கல்வி. 1950களின் கலவரம் மூண்டதும் அப்பிணைப்பு நெகிழ்கிறது. பீட்டர் தாக்கப்படுகிறான், இங்கிலாந்தே புகலிடம் என எண்ணுகிறான். சாந்திநாதனின் உறவினர் இந்தியாவுக்குத் திரும்புகின்றனர். நால்வர்க்கும் தோழியான சாலி சீனப் பெண்ணா, மலாய்ப் பெண்ணா என்பதே தெளிவில்லை. இனம் வினவாது அன்பு காட்டிய அவளே கலவரக்காரரின் வன்கொடுமைக்கு ஆளாகிறாள். அவளைக் காக்க நால்வருள் எவனாலும் இயலவில்லை.

நட்பை வள்ளுவர் இடுக்கண் வேளையில் வைத்தே அளந்தார். ஒரே வகுப்பில் அமர்ந்து சிரிப்பது நட்பின் தொடக்கமே. அடுத்தவன் வீட்டு மொழியும் அச்சமும் அறிந்த பின்னரே அது வேர்கொள்ளும். 1964 கலவரத்தை நினைவிற்கொண்டு, ஜூலை 21-ஐச் சிங்கப்பூர்ப் பள்ளிகள் இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடுகின்றன. அன்று பிற இனத்தார் உடையை அணிந்து மகிழும் மாணவர், அவ்வுடைக்குரியோரின் அச்சத்தையும் அறிதல் வேண்டும். அதனைக் கற்பிக்க இப்புதினம் துணைநிற்கும்.